ஜெயமலர் வந்த வழி

"கவிசாவின்ர சலம் எனக்கு வேணும், பெரியப்பா. ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு காணும்."

சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே அவளுடைய சிறுநீரைக் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று காரில் வரும் வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். "சுகத்தை விசாரி. அந்தக் கடிதத்தைத் திரும்பக் குடுக்கிறதெண்டாக் குடு. சலம் கிலம் எண்டு மட்டும் வாய் திறந்திடாத. அது சஷ்டி விரத வீடு. அண்ணை அடிச்சுப்போடுவார்." நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டேன் என்று நினைப்பது அப்பாவின் பழக்கம்.

பெரியப்பா நித்தியானந்தன் கதவைப் பிடித்தபடி நின்றார். வேட்டி, வெறும் மேல், நெற்றி நிறையத் திருநீறு. அறுபத்துநாலு வயது. டோர்ட்மண்டில் பண்டசாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் பெட்டி தூக்கியவர்; தோள் இன்னும் இறங்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, உன்ர மோளுக்கு என்ன, விசரே?"

"ஓம், ஒருக்காப் பிடிச்சது," என்று நான்தான் சொன்னேன். "மூண்டு வருசத்துக்கு முந்தி. இதே விரதத்தில. அதாலதான் கேக்கிறன்."

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. நடையின் கடைசி அறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகுவது. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடியும். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். என் தொண்டையிலிருந்தும் அது வந்திருக்கிறது.

காலையில் பெரியம்மா அப்பாவை அழைத்திருந்தார். அவர்களின் மகள் கவிசாவுக்குப் பத்தொன்பது வயது. தை மாதம் பாரிஸ் மாப்பிள்ளை தாரகனோடு கலியாணம். நல்லபடி நடக்கவேண்டும் என்று முதல்முறையாகச் சஷ்டி பிடிக்க வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரும், நாளுக்கு எண்ணி எடுத்த மிளகும்தான். மூன்றாம் நாள் வயிற்றுவலி. நாலாம் நாள் வாந்தி, கைகாலில் வலுவில்லை. இன்று ஐந்தாம் நாள். விடியத் தொடக்கம் தாயையே அடையாளம் தெரியவில்லை. "ஜெயமலர் மாதிரிக் கத்துறாளாம், அண்ணை சொல்லுறார்," என்று அப்பா பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஜெயமலர் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. எனக்கு மாமி. மூன்று பேரும் ஜெர்மனிக்கு வந்த வருடமே, இருபத்திரண்டு வயதில் செத்துப்போனவர். எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் "இதயம் நிண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். எல்லாரும் சாகும்போது இதயம் நிற்கத்தான் செய்யும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கட்டடப் பொறியியல். கடைசிப் பரீட்சைக்குப் படிப்பு மட்டும் காணாது, முருகனும் வேணும் என்று அம்மா சொன்னார். விரதம் பிடித்தேன். நாலாம் நாள் குடலைப் பிடித்து யாரோ துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். ஆறாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். மூச்சை இயந்திரம்தான் இழுத்தது. பதினொரு நாள் அப்படி. நடக்கப் பழக ஐந்து மாதம் போனது. இடது கை இன்றைக்கும் ஒரு போத்தல் மூடியைத் திறக்காது. நோயின் பெயர் போர்ஃபீரியா. பிறப்பிலேயே வருவது, பரம்பரையாக இறங்குவது.

மரபணுப் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமியின் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, "எதனால்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "உங்கள் உறவினர்களுக்கு நான் தொலைபேசி எடுக்க முடியாது, சட்டம் அப்படி. நீங்கள்தான் சொல்லவேண்டும்," என்று ஒரு கடிதம் தந்தார். அதை நானே இருந்து தமிழில் எழுதினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பெரியப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் வாசித்தார். மடித்தார். என் கண் முன்னாலேயே பழைய பேப்பர் பெட்டியில் போட்டார். "பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு உப்பிடிக் கடிதம் கொண்டுவரப்படாது."

கவிசாவிடம் நேரே சொல்லியிருக்கலாம். அப்போதே அவளுக்குப் பதினேழு வயது. என்னைவிட நன்றாக ஜெர்மன் பேசுவாள். அப்பா கெஞ்சினார்: "அவளுக்கொரு கலியாணம் முடியட்டும் பிள்ளை, பிறகு சொல்லு." நான் ஒத்துக்கொண்டேன். அது என் பிழை. அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

"இரு, இருந்து கதை," என்றார் பெரியப்பா.

"இருக்க வரேல்லை. அந்தச் சலத்தை வெளிச்சத்தில வைச்சா நிறம் மாறும். மாறினா எனக்கு வந்த வருத்தம்தான் அவளுக்கும். உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"என்ன வருத்தம்?"

"கடிதத்தில இருந்தது."

"கடிதத்தை விடு. வாயால சொல்லன் பாப்பம், படிச்சவள்."

சொன்னேன். "ரத்தத்தின்ர சிவப்பைச் செய்யிறதுக்கு ஈரலில கன படி இருக்கு. எங்களுக்கு அதில ஒரு படி பாதிதான் வேலை செய்யும். சாப்பிட்டுக்கொண்டிருந்தா ஒண்டும் தெரியாது. பட்டினி கிடந்தா ஈரல் அந்தரப்பட்டு மேல மேல செய்யத் தொடங்கும். அந்தப் படியில நஞ்சு தேங்கும். முதல் வயிறு, பிறகு நரம்பு, பிறகு மூளை. கடைசியா மூச்சு. விரதம்தான் அவளுக்கு நஞ்சு பெரியப்பா. இப்பவே சீனி குடுக்க வேணும்."

"பாலம் கட்டப் படிச்சவள் இப்ப ஈரலும் கட்டுறாள்," என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்போதே இரண்டு பேருடைய பல்லையும் உடைத்திருக்கவேண்டும். "எங்கட பரம்பரையில உப்பிடி ஒரு வருத்தமும் இல்லை. உன்ர தாயின்ர பக்கத்தால வந்திருக்கும். அவையள் எல்லாரும் ஒரு மாதிரி."

"அம்மா ரத்தம் குடுத்துப் பாத்தாச்சு. அவவில இல்லை. மிச்சம் அப்பா. அவர் ரெண்டு வருசமா ஆசுப்பத்திரி ரத்தம் எடுக்கக் குடுத்த டெர்மினுக்குப் போகாமல் ஒளிச்சுத் திரியிறார். அப்பாவுக்கெண்டா உங்களுக்கும் இருக்கலாம். ஆம்பிளையளை அது கனபேரை ஒண்டும் செய்யாது. சும்மா காவிக்கொண்டு திரிவியள்."

"எடியே!"

"நான் சொல்லேல்லை. ரத்தம் சொல்லுது."

அப்போது கடைசி அறைக் கதவு திறந்து பெரியம்மா வெளியே வந்தார். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வாளி. ஐந்து நாளில் அவரும் பாதியாகிவிட்டிருந்தார். நடையிலிருந்த ஒரே ஜன்னலுக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துத் திறந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, பாருங்கோ. காலமை பெய்தது. அப்ப இவ்வளவு இல்லை. இப்ப ரத்தமாக் கிடக்கு. கையைத் தூக்கேலாமல் கிடக்கிறாளப்பா. கும்பிட்டுக் கேக்கிறன், டொக்டரிட்டைக் கொண்டுபோவம்."

நான் குனிந்து பார்த்தேன். சாயம் கூடின வெறும் தேத்தண்ணி நிறம். ஓரத்தில், வெளிச்சம் பட்ட இடத்தில், கறுத்த சிவப்பு. இனிக் கோப்பையும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம்.

பெரியப்பாவும் குனிந்து பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு ஒரே இழுவையில் போய்விட்டது.

"அவளுக்கும் உப்பிடித்தான் போனது," என்றார்.

"ஆருக்கு?"

அப்பா, "அண்ணை, வேண்டாம்," என்றார்.

"ஆருக்குப் பெரியப்பா?"

"ஜெயமலருக்கு."

அவர் நிமிர்ந்தார். மூச்சு வாங்கினார். பிறகு என்னிடம் சொன்னார். முப்பத்துநாலு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை ஒரேயடியாகத் துப்புவதுபோல.

"கேக்கோணுமெண்டுதானே நிக்கிறாய். கேள். முகாமில மூண்டு பேருக்கு ஒரு அறை. அகதியாப் பதியக் குடுத்த அன்ட்ராக் சரிவரவேணுமெண்டு சஷ்டி பிடிச்சவள். அஞ்சாம் நாள் கத்தத் தொடங்கினாள். எங்களை ஆமி எண்டாள், உடுப்பைக் கிழிச்சாள். பக்கத்து அறைக்காரர் சுவரில குத்துறாங்கள். விசரி எண்டு எழுதினா மூண்டு பேரையும் கொழும்புக்கு ஏத்தி விட்டிடுவாங்கள் எண்டு பயம். வாயில சீலையை அடைஞ்சன். பெல்ட்டை எடுத்தன். அவளுக்குள்ள இருக்கிறது போகட்டும் எண்டு அடிச்சன். போகேல்லை. இன்னும் அடிச்சன். ஆறாம் நாள் பின்னேரம் மூச்சு நிண்டிட்டுது. படியில விழுந்தவள் எண்டு முகாம்காரரிட்டைச் சொன்னம்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முப்பது வருடம் இவரோடு ஒரே கட்டிலில் படுத்தவர்.

"சாகேக்க என்னைப் பாத்தாள்," என்றார் பெரியப்பா. "அந்தப் பார்வைதான் காலமை தொடக்கம் என்ர பிள்ளையின்ர கண்ணுக்குள்ள நிக்குது. அதே விரதம், அதே அஞ்சாம் நாள், அதே சலம். இது வருத்தமோ? இவ்வளவு வருசம் பாத்திருந்து என்ர பிள்ளையில ஏறியிருக்கிறாள். என்ர பிள்ளையைக் கொண்டு போகத்தான் வந்தவள். நான் விடுவனே? நாளைக்குச் சூரன்போருக்கு முதல் அவளைக் கலைக்கிறன் பார்."

கதிரையின் முதுகில் பெல்ட் தொங்கியது. வேட்டி கட்டியிருக்கும் மனிதனுக்கு எதற்குப் பெல்ட் என்று வந்ததிலிருந்து நான் யோசிக்கவில்லை. இப்போது பார்த்தேன். அதன் வளையத்தில் ஒரு தலைமயிர் சிக்கியிருந்தது. நீள மயிர்.

"அடிச்சனீங்களோ?"

"அவளுக்கு அடிக்கேல்லை. ஜெயமலருக்கு."

நான் கத்தவில்லை. கத்தினால் அவருக்கு வசதி. பொம்பிளைப் பிள்ளை கத்துகிறாள் என்று முடித்துவிடுவார். மெதுவாகத்தான் சொன்னேன்.

"மாமி வந்திருக்கிறாதான் பெரியப்பா. நீங்கள் சொல்லுறது சரி. ஆனா காத்தில வரேல்லை. உங்கட ரத்தத்துக்குள்ளால வந்தவ. மாமிக்கு இருந்தது உங்களுக்கும் இருக்கு. நீங்கள்தான் காவிக்கொண்டுவந்து கவிசாவில இறக்கினனீங்கள். மாமியைக் கொன்றதும் நீங்கள். கொண்டு வந்ததும் நீங்கள். பெல்ட்டால அடிக்கிறதெண்டா உங்களுக்கு அடியுங்கோ."

அடி எங்கே விழுந்தது என்று முதலில் தெரியவில்லை. சப்பாத்துத் தட்டோடு சேர்ந்து விழுந்து கிடந்தேன். வாயில் உப்பு. நாக்கால் தடவிப் பார்த்தேன், கடைவாய்ப்பல் ஆடியது. எழும்பினேன். அவரிடம் போகவில்லை, திறந்திருந்த அறைக் கதவை நோக்கிப் போனேன். நான்கு எட்டு. மூன்றாவது எட்டில் பின்னலைப் பிடித்து இழுத்தார். தலைத்தோல் உரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மல்லாக்க விழுந்தேன். சப்பாத்துக் காலால் உதைத்தேன், சாமியறைக் கதவில் பட்டது.

"சப்பாத்தோட சாமியறையை உதைக்கிறாள்! இவளிலயும் ஏறிட்டாள்! தம்பி, காலைப் பிடி!"

அப்பா பிடித்தார்.

யோசிக்கவில்லை, தயங்கவில்லை. முழங்காலில் விழுந்து, என் இரண்டு கணுக்காலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கக்கத்துக்குள் செருகி, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டார். ஒரு நொடியில் செய்தார். பாரத்தை எங்கே போட்டால் ஆள் அசையாது என்று நான் ஐந்து வருடம் படித்திருக்கிறேன். அப்பா எங்கேயும் படிக்கவில்லை. ஆனாலும் சரியான இடத்தில் போட்டார்.

"அப்பா," என்றேன். "அண்டைக்கும் நீங்களோ பிடிச்சது?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "அண்ணை சொன்னவர்," என்றார். பிடி மட்டும் தளரவில்லை.

ஒரு காலை உருவி எடுத்து அவருடைய மூக்கில் உதைத்தேன். எனக்குச் சோறு ஊட்டின மனிதனின் மூக்கு என்று அந்த நேரம் நினைக்கவில்லை. முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிடி விட்டது. ஆனால் பின்னல் இன்னும் பெரியப்பாவின் கையில். அவர் மறுகையால் பெல்ட்டை எடுத்துவிட்டார். முதல் வீச்சு தோளில் விழுந்தது, இரண்டாவது கழுத்தில். வளையத்தின் பக்கத்தால் அடித்தார். குசினி வாசலில், விரதம் முடிக்கிற பாறணைச் சமையலுக்காகக் கழுவிக் காயவைத்திருந்த திருவலை கிடந்தது. தேங்காய் திருவுகிற பாரமான பலகை, நுனியில் இரும்புப் பல். என் வலது கைக்கு அதன் கால் எட்டியது. இரும்பை என் பக்கம் திருப்பிப் பிடிக்கிற அளவுக்கு அறிவு இருந்தது. அதற்கு மேல் அறிவு இருக்கவில்லை. பலகைப் பக்கத்தால், பின்னலைப் பிடித்திருந்த கையில், எழும்பின வேகத்தோடு அடித்தேன்.

அவர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். முன்கை நடுவில் புதிதாக ஒரு மடிப்பு.

"பெரியம்மா, சீனி! கனக்கச் சீனி, சுடுதண்ணியில கரைச்சு. ஓடுங்கோ!"

பெரியம்மா சுவரோடு ஒட்டி நின்றார். தரையில் கையைப் பிடித்துக்கொண்டு உருண்ட புருஷனைப் பார்த்தார். அவர், "விரதத்தை முறிச்சியெண்டா இந்த வீட்டில இருக்க மாட்டாய்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பெரியம்மா அவருடைய காலைத் தாண்டிக் குசினிக்குள் போனார். சீனிப் பையைப் பல்லால் கிழிக்கிற சத்தம் கேட்டது.

அறைக்குள் போய், பெரியம்மா வந்ததும் உள்ளுக்குப் பூட்டினேன். இடது கையால் திறப்பைத் திருப்பப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. வலது கையால் பூட்டினேன்.

கவிசா நிலத்தில் போட்ட மெத்தையில் கிடந்தாள். சுற்றிவர வேப்பிலை, எலுமிச்சங்காய்ப் பாதிகள். உதடு வெடித்திருந்தது. முதுகும் தொடையும் கோடு கோடாகத் தடித்து, சில கோடுகள் வெடித்துக் காய்ந்திருந்தன. இரண்டு மணிக்கட்டும் தொங்கின. சொந்தக் கையைத் தூக்க அவளால் ஏலவில்லை. நாடியைப் பிடித்தேன். எண்ண முடியாத வேகம்.

"ஆரது?" என்றாள்.

"பிரியாக்கா."

"பிரியாக்கா செத்திட்டா."

"சாகேல்லையடி. சாகப் பாத்தனான், சரிவரேல்லை. வாயைத் திற."

பெரியம்மா மடியில் தலையைத் தூக்கி வைத்து, கரண்டியால் சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முதல் மூன்று கரண்டியும் வாந்தியாக வெளியே வந்தன. நாலாவது நின்றது. "குடி ராசாத்தி. விழுங்கு. முருகன் ஒண்டும் சொல்லமாட்டார். சொன்னா நான் பாத்துக்கொள்ளுறன்."

அவசர எண் 112க்கு அடித்தேன். பத்தொன்பது வயதுப் பெண், கடுமையான போர்ஃபீரியா என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஐந்து நாள் பட்டினி, தசைகள் வலுவிழந்துவிட்டன, மூச்சு இன்னும் பரவாயில்லை, கண்டபடி ஊசி போடக்கூடாது, என்னிடம் மருந்துப் பட்டியல் இருக்கிறது. எதிர்முனைப் பெண் அவசரப்படாமல் கேட்டாள்: காயம் ஏதும் இருக்கிறதா?

கதவுக்கு வெளியே பெரியப்பா காலால் உதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதைக்கும் கதவுச் சட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. "உன்ர படிப்பைக் கொண்டுபோய்ப் பீயில போடு! வெளிய வாடி!"

"இருக்கிறது," என்றேன். "தகப்பன் பெல்ட்டால் அடித்திருக்கிறார். இப்போது கதவை உடைக்கப் பார்ப்பதும் அவர்தான். அவருடைய கையை நான் முறித்திருக்கிறேன். இரண்டையும் எழுதுங்கள். பொலிசையும் அனுப்புங்கள்." எதனால் முறித்தீர்கள் என்று கேட்டாள். திருவலைக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. மரமும் இரும்பும் என்றேன்.

பெரியம்மாவின் கரண்டி நின்றது. "பொலிசோ பிள்ளை?"

"ஓம்."

அவர் கவிசாவின் முதுகைப் பார்த்தார். விரலால் ஒரு தழும்பின் பக்கத்தில், தொடாமல், கோடு போட்டார். பிறகு கரண்டியை மறுபடியும் கிண்ணத்துக்குள் விட்டார்.

அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. சத்தம் கேட்டதும் உதை நின்றது. நான் கதவைத் திறந்தேன். வந்த டாக்டர் என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண். என் பணப்பையிலிருந்த அவசர அட்டையை நீட்டினேன். கொடுக்கக்கூடிய மருந்து, கொடுக்கக்கூடாத மருந்து எல்லாம் அதில் இருக்கிறது. அவர் முழுவதும் வாசித்தார். வாசிக்கிற ஒரு மனிதரை அந்த வீட்டில் அன்றைக்கு முதலாவதாகக் கண்டேன். "இதை நான் படிப்பில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்," என்றார் ஒளிக்காமல். வாளியைக் காட்டினேன். அதில் ஒரு குழாய் எடுத்து, வெளிச்சம் படாமல் வெள்ளித்தாளில் சுற்றினார். குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள்.

கவிசாவின் முதுகைத் திருப்பியபோது அவர், "இது என்ன?" என்று கேட்டார்.

பெரியப்பா கதிரையில் உட்கார்ந்து முறிந்த கையை மடியில் பிள்ளைபோல வைத்திருந்தார். முகம் சாம்பல். "படி," என்றார் ஜெர்மனில். "படியில விழுந்தவள்."

அதே பொய். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு புதிய பொய்கூட யோசிக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். கவிசாவைத் தூக்கினார்கள். பெரியம்மா உள்ளங்கையில் செருப்போடு பின்னால் ஓடினார், போடுவதற்கு நேரமில்லை.

அப்பா நடையில், மூக்கில் ஒரு குசினித் துணியை அழுத்திக்கொண்டு நின்றார். துணி முழுக்க இரத்தம். அந்த இரத்தத்தில் ஒரு குழாய் எடுத்தால் போதும், மரபணு டாக்டரின் தாளில் அவருடைய சதுரத்துக்கு விடை கிடைத்துவிடும். நான் போகும் வழியை மறித்தார்.

"பிள்ளை, பொலிஸ் வந்தா விழுந்தவள் எண்டு சொல்லு. சுகமாக்கிப்போட்டியே, இனி என்ன? கலியாணம் நிண்டிடும். அண்ணையை உள்ள போட்டிடுவாங்கள். அவர் பாவம், பயத்திலதானே செய்தவர்."

"கவிசாவுக்கு என்ன ஆகுமெண்டு இன்னும் தெரியாது அப்பா. சுகமாகேல்லை. மருந்து ஏத்தி நாலு நாள் பாக்க வேணும். மூச்சு நிக்கலாம்."

"நிக்காது. முருகன் இருக்கிறார்."

"மாமிக்கும் இருந்தவர்."

துணியைக் கீழே எடுத்தார். மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருந்தது. "மாமியின்ர கதையை எடுக்கமாட்டாய்தானே? நானும் எல்லோ உள்ள போகவேணும். உன்னைப் பெத்தவன். ஒண்டு கேக்கிறன், இந்த ஒண்டைச் செய்."

அவருடைய கையைப் பார்த்தேன். சின்ன வயதில் சைக்கிள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த கை. என் கணுக்காலில் அதன் ஐந்து விரலும் சிவப்பாகக் கிடந்தன.

"மரபணு டாக்டர் கேட்டவ, மாமி எதனால செத்தவ எண்டு," என்றேன். "விடை தெரியாமல் நான் கேள்விக்குறி போட விட்டனான். அதாலதான் உள்ள ஒருத்தி இப்பிடிக் கிடந்தாள். எங்களுக்கு லண்டனில சொந்தம் இருக்கு, பாரிசில இருக்கு, கனடாவில இருக்கு. எல்லாரும் பொம்பிளைப் பிள்ளையள் வைச்சிருக்கினம். எல்லாரும் சஷ்டி பிடிக்கினம். நீங்களே சொன்னா நல்லம். சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொல்லாத பிள்ளை."

"வழியை விடுங்கோ."

விடவில்லை. தோளால் இடித்துத் தள்ளினேன். சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கதிரையிலிருந்து பெரியப்பா, "இனி இந்த வாசல்படி மிதிச்சியெண்டாப் பார்," என்றார். குரலில் பலம் இல்லை. அவருக்கும் கை வலித்தது. அவருக்கும் ஒரு டாக்டர் வேண்டும். வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பொலிஸ்காரர் இருவர் மேலே ஏறி வந்தார்கள். "மூன்றாம் மாடி, இடப்பக்கம்," என்றேன். "கதிரையில் இருக்கிறவர் அடித்தவர். அவருடைய கையை முறித்தது நான். தரையில் இருக்கிறவருக்கு உங்களிடம் சொல்ல 1991ஆம் ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. சொல்லாவிட்டால் ஆசுப்பத்திரிக்கு வாருங்கள், நான் சொல்கிறேன்." பெண் பொலிஸ் என் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதினார். என் முகவரியைக் கேட்டபோது அப்பாவின் வீட்டைச் சொல்ல வாய் திறந்து, நிறுத்தி, சிநேகிதி ஒருத்தியின் வீட்டைச் சொன்னேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

கீழே அம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியம்மா வெறுங்காலோடு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இன்னொருவருக்கு இடமில்லை என்று சாரதி சொன்னான். எந்த ஆசுப்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன்.